பெட்டியில் என்ன இருக்க வேண்டும்? கடல் கடந்தவர்கள் சொல்லும் பாடம்

முன்னுரை

வெளிநாடு கிளம்புகிறவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வை, டாக்டர் சீட்டை மறக்காதே, தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்காதே, பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே... கேட்பவருக்குச் சலிப்புத் தட்டும். ஆனால் இந்த வரிகள் யாரோ நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ பட்ட கஷ்டம் இருக்கிறது. அதில் தமிழர் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை!

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தில் இருக்கும் அனந்தபுரம் போன்ற ஊர்களுக்கு இது எங்கோ நடந்த கதை அல்ல. 1993இல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆகும் வரை இந்தப் பகுதி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் ஏறிய கூலித் தொழிலாளர்களில் தென்னாற்காட்டுக்காரர்கள் கணிசமானவர்கள். பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி, வடக்கே சென்னை, தெற்கே நாகப்பட்டினம். தாது வருஷப் பஞ்சம் (1876-78) போன்ற காலங்களில் வயிறு காய்ந்தவனுக்கு இந்த மூன்று வழிகளும் திறந்திருந்தன. அப்படிப் போனவர்கள் எதைக் கொண்டுபோனார்கள், எதைத் தொலைத்தார்கள் என்று பார்த்தால் இன்றைய அறிவுரைகளின் பொருள் புரியும்.

பதிவேட்டில் ஒரு ஊர்ப்பெயர்

1860 அக்டோபர் 12ஆம் தேதி சென்னையில் இருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தைச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அதுதான். அதன்பின் 1911 வரை சென்னையில் இருந்தும் கல்கத்தாவில் இருந்தும் 1,52,000க்கும் அதிகமானோர் நேட்டாலுக்குப் போனார்கள்.

இவர்களிடம் இன்றைக்கு உள்ளதுபோல பாஸ்போர்ட் கிடையாது. அதற்குப் பதில் அரசாங்கம் ஒரு பதிவேடு வைத்திருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அதற்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதனின் முழு அடையாளமும் அந்த ஒரே வரியில் அடங்கியது.

எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். அதனால் ஊர்ப்பெயர்கள் அடையாளமே தெரியாமல் சிதைந்தன. இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள் தங்கள் பூர்வீக ஊரைத் தேடும்போது இந்தப் பதிவேடுதான் ஒரே துணை. ஊர்ப்பெயர் சரியாகப் பதிவானவருக்கு ஊர் கிடைக்கிறது. தவறாகப் பதிவானவருக்கு 'ஆற்காடு' என்பதோடு தேடல் நின்றுவிடுகிறது. பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் வேலை ஒப்பந்தத்திலும் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறது அல்லவா?

ஊசியும் தனிமை முகாமும்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழி வேறு. ராமேசுவரம் பக்கத்தில் உள்ள மண்டபத்தில் இலங்கை அரசாங்கமே ஒரு முகாம் நடத்தியது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே சில நாட்கள் தங்க வேண்டும். உடம்பைப் பரிசோதிப்பார்கள், அம்மை குத்துவார்கள், துணிமணிகளைக் கிருமி நீக்கம் செய்வார்கள். அதன்பிறகே தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னார் போகலாம். மலாயாவுக்குப் போனவர்களுக்கும் பினாங்குக்கு அருகில் உள்ள ஜெரெஜாக் தீவு போன்ற இடங்களில் தனிமை முகாம் காத்திருந்தது.

காலராவும் அம்மையும் கப்பல் கப்பலாக மனிதர்களைக் கொன்ற காலம் அது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவிக்கும் வரை அம்மைத் தடுப்பூசிச் சான்று வெளிநாட்டுப் பயணிகளின் பெட்டியில் இருந்தது. இன்று அந்த இடத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இருக்கிறது. ஆப்பிரிக்கா, தென்னமெரிக்காவின் பல நாடுகளுக்குப் போய் வருகிறவர்களுக்கு அது கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சான்று இல்லாமல் திரும்பி வந்தால் இந்தியாவிலேயே தனிமைப்படுத்தி வைப்பார்கள். மண்டபம் முகாமின் பழைய விதி இன்னும் சாகவில்லை!

காகிதம் இல்லாதவர், நாடு இல்லாதவர்

காகிதத்தின் அருமையை இலங்கை மலையகத் தமிழர் அறிந்ததுபோல வேறு யாரும் அறிந்திருக்க முடியாது. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. ஒருவர் இலங்கையிலேயே பிறந்திருந்தாலும் போதாது. அவருடைய தகப்பனும் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் தாத்தாவின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது?

விளைவு, சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். மலையைக் குடைந்து தோட்டம் போட்டவர்கள் ஓட்டுரிமையையும் இழந்தார்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பிரித்துக்கொண்டன. மீதி 1,50,000 பேரின் கதி பிறகு பேசப்படும் என்று தள்ளிவைக்கப்பட்டது. மனிதர்களை மூட்டை மாதிரி எண்ணிப் பங்கு போட்டார்கள். இந்தப் பிரச்சினை முழுமையாகத் தீர 2003இல் இலங்கை இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பைத் தூதரகத்தில் உடனே பதிவு செய்யுங்கள் என்று இன்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்தவர்கள்

பர்மாவில் நடந்தது வேறு மாதிரி. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது சுமார் 5 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். பலர் காடு மலை வழியே நடந்தே வந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே நோயிலும் பசியிலும் மாண்டார்கள். சுமக்க முடிந்தது மட்டுமே மிஞ்சியது.

மிஞ்சியவர்களுக்கும் திரும்பிப் போனவர்களுக்கும் 1964இல் அடுத்த அடி. நே வின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கியது. 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. நாடு திரும்பியவர்கள் கொண்டுவரக்கூடிய பணத்துக்கும் நகைக்கும் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததை ரங்கூனிலேயே விட்டுவிட்டுச் சென்னை வந்து இறங்கியவர்களின் நினைவாகத்தான் பர்மா பஜார் இன்றும் நிற்கிறது. சம்பாத்தியத்தை முறையாக வங்கி மூலம் ஊருக்கு அனுப்பு, கையில் இருப்பதைப் பிரித்து வை என்பது அவர்கள் விட்டுச்சென்ற பாடம்.

பாஸ்போர்ட் யார் சொத்து?

1970களில் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாவுக்குக் கூட்டம் கிளம்பியது. போலி ஏஜென்ட்டுகளும் கூடவே கிளம்பினார்கள். இதைக் கட்டுப்படுத்த 1983இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட்தான் ஆள் எடுக்க முடியும். அந்தப் பதிவு எண்ணை அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்கள் மீட்டு வந்தன. அந்த நேரத்தில் பாஸ்போர்ட் கையில் இல்லாதவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. காரணம், வேலைக்குச் சேர்ந்ததும் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம்.

இங்கே ஒரு விஷயம் குறிப்பிடத்தக்கது. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. முதலாளிக்கு அதை முடக்கி வைக்க உரிமை இல்லை. வளைகுடா நாடுகள் பலவற்றின் சட்டமும் இதைத் தடை செய்கிறது. ஆனாலும் நடக்கிறது. ஆகவேதான் ஒரு நகல் கையில், ஒன்று வீட்டில், ஒன்று மின்னஞ்சலில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகம் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தரும். நகல் இருந்தால் அந்த வேலை சீக்கிரம் முடியும்.

அடுத்தவர் பெட்டி

1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து சுமார் 30 பேர் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்கு என்று கொடுக்கப்பட்ட பெட்டியில் குண்டு இருந்தது. பெட்டிக்குரிய பயணி விமானம் ஏறவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானத்திலும் ஆள் ஏறாத பெட்டிதான் வெடித்தது. 329 பேர் இறந்தார்கள். "இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?" என்று கவுண்டரில் கேட்பது சடங்கு அல்ல என்பதற்கு இவையே சாட்சி.

நம் வீட்டுச் சாமானிலும் ஆபத்து இருக்கிறது. குருமாவுக்குப் போடும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள்! அபின் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாத்திரை போன்றவையும் அப்படியே. அம்மா கட்டிக்கொடுத்த மசாலாப் பொட்டலம் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியும்.

முடிவுரை

அன்று தென்னாற்காட்டில் இருந்து கப்பல் ஏறியவனின் மூட்டையில் மாற்றுத் துணிகூட ஒழுங்காக இருந்திருக்காது. ஆனால் அவன் வம்சத்தை வாட்டியது துணி இல்லாத குறை அல்ல. பெயரும் ஊரும் சரியாக எழுதப்பட்ட ஒரு காகிதம் இல்லாத குறைதான்.

இன்று அனந்தபுரத்தில் இருந்தோ திண்டிவனத்தில் இருந்தோ ஒருவர் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பினால் ஊறுகாய் பாட்டிலைக் கடைசியில் வைக்கலாம். பாஸ்போர்ட், விசா, கையெழுத்தான ஒப்பந்தம், தடுப்பூசிச் சான்று, டாக்டர் சீட்டு, தூதரகத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றை முதலில் கைப்பையில் வைக்க வேண்டும். அதே காகிதங்களின் இன்னொரு கட்டு, படிக்கத் தெரிந்த ஒருவர் பொறுப்பில் வீட்டில் இருக்க வேண்டும். தாத்தாக்கள் விலை கொடுத்துக் கற்றதை இனிப் போகிறவர்களாவது இலவசமாகக் கற்றுக்கொள்ளட்டும்.