இரட்டைமலை சீனிவாசனாரின் இலண்டன் பயணம்

எண்ணித் துணிந்த செயலும் திசைமாறுவது பெரியோர் வாழ்விலும் உண்டு. இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிபெயராக வீசப்பட்டதையே இதழின் பெயராக்கிய துணிவு நம் மாணவர் அறிய வேண்டுவது. 1900 வரை அது வெளிவந்தது.

நம் மக்களின் குறைகளை ஆங்கிலப் பாராளுமன்றத்தாரிடம் நேரில் முறையிடக் கருதி அவர் இலண்டனுக்குக் கப்பலேறினார். ஆனால் பயணம் ஆப்பிரிக்கக் கரையோடு நின்றது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியேற்று, நெடுங்காலம் கழித்தே தாயகம் திரும்பினார். அமைப்பின் துணையின்றித் தனியொருவராய்ப் புறப்பட்டதே குறை என்பது என் கருத்து. ஆயினும் அவ்வாண்டுகள் வீணாயின என்று சொல்லேன். ஏழையின் சொல் நீதிபதியின் செவிக்கு எவ்வாறு எட்டுகிறது, எங்கே திரிகிறது என்பதை அன்றாடம் காணும் வேலை அது.

1923-இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். 1930-இல் டாக்டர் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டுப் பேராளராக அழைக்கப்பெற்று இலண்டன் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை எழுபது நிறைந்திருந்தது. 1939-இல் வெளிவந்த தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் தடைப்பட்ட அந்தப் பழைய பயணத்தையும் அவர் மறைக்காது எழுதியுள்ளார்.