பதினொரு வயதின் தடுப்பூசி: அமெரிக்க மருத்துவ நிலையங்கள் கற்ற பாடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தடுப்பூசி என்பது கைக்குழந்தைகளின் காரியமாகவும், பள்ளிச் சேர்க்கைக்கு முன் முடித்துவிட வேண்டிய கடமையாகவும் மட்டுமே கருதப்பட்டது. பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளில் அடிக்கடி மருத்துவரிடம் கொண்டுவரப்படும் குழந்தை, பள்ளியில் சேர்ந்த பிறகு காய்ச்சலுக்கோ காயத்துக்கோ அன்றி அந்தப் பக்கம் வருவது அரிது. உடல் வேகமாக வளரும் பதின்பருவத்தில் அந்த வருகையும் குறைந்துவிடுகிறது. இப்பருவத்தினருக்கெனத் தனி மருத்துவக் கவனிப்பு தேவை என்ற எண்ணம், 1951-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜே. ராஸ்வெல் கேலகர் தொடங்கிய பிரிவின் மூலம் நிறுவன வடிவம் பெற்றது. ஆயினும் தடுப்பூசித் துறை அதைத் தனதாக்கிக்கொள்ள மேலும் 45 ஆண்டுகள் ஆயின.

அந்த மாற்றத்துக்கு அடித்தளமிட்டது ஒரு தோல்வியே. 1989 முதல் 1991 வரை தட்டம்மை மீண்டும் பரவி, 55,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 120-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் நகர்ப்புற ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளி வயதை எட்டாத, தடுப்பூசி போடப்படாத குழந்தைகள். காப்பீடு இல்லாத குழந்தைகளைத் தனியார் மருத்துவர்கள், தடுப்பூசியின் விலை காரணமாக, அரசு சுகாதாரத் துறைக்கு அனுப்பிவைப்பது அன்று வழக்கம். அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் அங்கே போய்ச் சேர்வதில்லை. இந்த இடைவெளியை அடைக்க 1993-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, ‘குழந்தைகளுக்கான தடுப்பூசிகள்’ என்னும் திட்டம் 1994 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசே தடுப்பூசிகளை வாங்கி, ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் உள்ளவர்கள், காப்பீடே இல்லாதவர்கள், அமெரிக்கப் பூர்வகுடியினர் ஆகியோரின் குழந்தைகளுக்காகத் தனியார் மருத்துவ நிலையங்களுக்கும் விலையின்றி வழங்கியது. அதன் வயது வரம்பு 19 வயதை எட்டும்வரை நீண்டிருந்ததால், பத்தாண்டுகள் கழித்துப் பதின்பருவத் தடுப்பூசிகள் வந்தபோது அவற்றுக்கும் பணம் தயாராக இருந்தது.

பணத்தால் மட்டும் காரியம் முடிவதில்லை என்பதை ஜார்ஜியா மாநிலம் அதற்கு முன்பே காட்டத் தொடங்கியிருந்தது. அங்கே சுகாதாரத் துறையினர் ஒவ்வொரு பொது மருத்துவ நிலையத்துக்கும் சென்று, குழந்தைகளின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்து, இரண்டு வயதுக்குள் உரிய தடுப்பூசிகளை முடித்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கை அங்குள்ள ஊழியர்களிடமே ஆண்டுதோறும் தெரிவித்தனர். தங்களிடம் வரும் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் தடுப்பூசி போடப்பட்டுவிட்டது என்று நம்பும் மருத்துவர்களுக்கு இத்தகைய கணக்கு பெரும்பாலும் அதிர்ச்சியையே அளிக்கும். அந்த அதிர்ச்சியே திருத்தத்தின் தொடக்கம். 1988-இல் பாதியளவே இருந்த நிறைவு விகிதம், 1994-இல் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கியது. அளத்தல், முடிவைத் தெரிவித்தல், ஊக்கமளித்தல், ஒருவர் அனுபவத்தை மற்றவரோடு பகிர்தல் என்னும் நான்கு படிகளைக் கொண்ட இந்த முறையை மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பின்னர் நாடெங்கும் கொண்டுசென்றது.

பதின்பருவத்துக்கான வழி 1996 நவம்பரில் தெளிவானது. அதற்கு முந்தைய ஆண்டே, குழந்தைப் பருவத்தில் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி பெறாத 11, 12 வயதினருக்கு அதைப் போடுமாறு பரிந்துரைக்கப்பட்டிருந்தது. இப்போது மத்திய அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழுவும், குழந்தை மருத்துவர்கள், குடும்ப மருத்துவர்கள் ஆகியோரின் சங்கங்களும், அமெரிக்க மருத்துவச் சங்கமும் ஒன்றுகூடி, 11 அல்லது 12 வயதில் ஒவ்வொருவரும் மருத்துவரைச் சந்திப்பதை வழக்கமாக்க வேண்டும் என்று அறிவித்தன. அந்த வயதில் பிள்ளைகள் நடுநிலைப் பள்ளிக்குள் நுழைகிறார்கள். பெற்றோரின் சொல் இன்னும் எடுபடுகிறது. பிற்காலத் தொற்றுகள் பெரும்பாலும் நெருங்கவில்லை. விடுபட்ட ஊசிகளைச் சரிபார்த்துப் போடவும், வளர்ச்சியைப் பற்றிப் பேசவும் அதைவிடப் பொருத்தமான வயது வேறில்லை.

2005, 2006 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அந்தச் சந்திப்புக்கு மூன்று புதிய தடுப்பூசிகள் கிடைத்தன: மூளையுறைக் காய்ச்சலுக்கு எதிரானது ஒன்று, குழந்தைகளின் முத்தடுப்பு ஊசியை இவ்வயதினருக்கு ஏற்ப மாற்றியமைத்தது மற்றொன்று, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி, என்பதைத் தடுப்பது மூன்றாவது. பெற்றோரிடம் தொலைபேசியில் கேட்டு, மருத்துவர்களின் பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் தேசிய ஆய்வும் 2006-இல் தொடங்கியது. 2012-இல் 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டோரில் 84.6 விழுக்காட்டினர் முத்தடுப்பு ஊசி பெற்றிருந்தனர். பெண்பிள்ளைகளிலோ எச்பிவி ஊசியின் ஒரு தவணையாவது பெற்றவர்கள் 53.8 விழுக்காடு, மூன்று தவணைகளையும் முடித்தவர்கள் 33.4 விழுக்காடு மட்டுமே. வேறு ஊசி போட்டுக்கொள்ள வந்த நாளிலேயே எச்பிவி ஊசியையும் போட்டிருந்தால் முதல் தவணை பெற்றோர் 92.6 விழுக்காடாக உயர்ந்திருக்கலாம் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. ‘தவறவிட்ட வாய்ப்பு’ என்று துறையினர் குறிப்பிடுவது இதைத்தான்: பிள்ளை வந்திருக்கிறது, ஊசி குளிர்பெட்டியில் இருக்கிறது, செவிலியரும் இருக்கிறார், ஆனால் ஊசி போடப்படவில்லை.

இதற்குக் காரணங்கள் பல. முத்தடுப்பு ஊசியைப் பல மாநிலங்கள் பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்கின. எச்பிவி ஊசியைக் கட்டாயமாக்க 2007-இல் டெக்சாஸ் ஆளுநர் பிறப்பித்த ஆணையையோ மாநிலச் சட்டமன்றம் சில மாதங்களிலேயே செல்லாததாக்கியது. பாலுறவு வழியாகப் பரவும் தொற்று என்பதால் பெற்றோரிடம் பேசத் தயங்கிய மருத்துவர்கள், மற்ற இரண்டையும் போட்டுவிட்டு, இதை மட்டும் ‘விரும்பினால் போடலாம்’ என்று தனியே பிரித்துச் சொன்னார்கள். மருத்துவரின் குரலில் தயக்கம் தெரியும்போது பெற்றோர் தள்ளிப்போடுவது இயல்பே.

ஆகவே திருத்தமும் மருத்துவ நிலையத்தின் அன்றாட நடைமுறையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. மறுநாள் வரவிருப்போரின் பட்டியலை முந்தைய நாளே எடுத்து, மாநிலத் தடுப்பூசிப் பதிவகத்தோடு ஒப்பிட்டு, யாருக்கு எந்த ஊசி பாக்கி என்று குறித்துவைத்தல். ஒவ்வொரு முறையும் மருத்துவரின் தனி உத்தரவுக்குக் காத்திராமல் செவிலியரே ஊசி போட அனுமதிக்கும் நிலையான ஆணை. விளையாட்டுத் தகுதிச் சான்றுக்கோ சளிக்கோ வந்தவரையும் ஊசியின்றி அனுப்பாமை. அடுத்த தவணைக்கான நாளைக் கிளம்பும் முன்பே குறித்துக் கொடுத்து, வராதவர்களை நினைவூட்டி அழைத்தல். இந்தத் திருத்தங்களுள் இவையே முக்கியமானவை. ஊசி போட்டதும் மயங்கி விழுவது பதின்பருவத்தினரிடம் மிகுதி என்பதால், அவர்களைப் 15 நிமிடம் உட்காரவைத்துக் கவனிக்கவும் இடம் வேண்டும். பேசும் முறையும் ஆராயப்பட்டது. வட கரோலினாவில் 30 மருத்துவ நிலையங்களில் நடந்து 2016 இறுதியில் வெளியான ஆய்வில், ‘இன்று உங்கள் பிள்ளைக்கு இந்த ஊசிகள் போட வேண்டிய நாள்’ என்னும் பொருளில் சுருக்கமாக அறிவித்து, ஐயம் கேட்டால் விளக்கப் பயிற்சி பெற்ற இடங்களில், பயிற்சி பெறாத இடங்களைவிட எச்பிவி ஊசி தொடங்கியோர் 5.4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடினர். நீண்ட உரையாடலுக்குப் பயிற்சி பெற்ற இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை.

2011-இல் ஆண்பிள்ளைகளும் எச்பிவி பரிந்துரைக்குள் வந்தனர். 2016-இல், 15 வயதுக்குள் தொடங்குவோருக்கு இரண்டு தவணைகளே போதும் என்றாயிற்று. ஜார்ஜியாவில் பிறந்த அளவீட்டு முறை 2019-இல் புதிய தரமேம்பாட்டுத் திட்டமாக உருமாறியது. 2022-இல் எச்பிவி முதல் தவணை பெற்றவர்கள் 76 விழுக்காடாகவும், தவணைகளை முடித்தவர்கள் 62.6 விழுக்காடாகவும் உயர்ந்தனர். முத்தடுப்பு ஊசி பெற்றவர்களோ 89.9 விழுக்காடு. எஞ்சியிருக்கும் அந்த இடைவெளியின் பின்னே, பிற்காலத்தில் தவிர்த்திருக்கக்கூடிய புற்றுநோய்கள் இருக்கின்றன. பதின்பருவத் தடுப்பூசியின் வரலாறு காட்டும் முடிவு ஐயத்துக்கு இடமற்றது: நல்ல தடுப்பூசியைக் கண்டுபிடிப்பதும், அதை விலையின்றிக் கொடுப்பதும் பாதி வேலையே, தன் பதிவேட்டைத் தானே எண்ணிப் பார்த்து, வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாத மருத்துவ நிலையமே மீதிப் பாதியை முடித்துவைக்கிறது.