புரோகிராம் எழுதாமல் ஒரு தகவல் தளம்

ஒரு கடைக்காரர் சரக்கு இருப்பு, கடன் பாக்கி, வாடிக்கையாளர் முகவரி ஆகியவற்றைக் கணிப்பொறியில் வைத்துக்கொள்ள விரும்புகிறார். அவருக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. 'எழுதவே வேண்டாம், திரையில் கட்டங்களை அமைத்தால் போதும்' என்று கூறும் கருவிகள் இன்று பல உள்ளன. இது புத்தம் புதிய எண்ணம் என்று நினைக்கிறீர்களா? இதன் வயது ஏறக்குறைய அரை நூற்றாண்டு! அந்த வரலாற்றை அறிந்தால், இக்கருவிகளை எடைபோடும் அளவுகோலும் நமக்குக் கிடைக்கும்.

1960களில் ஒரு தகவலைத் தேட, அது எங்கே, எந்த வரிசையில் சேமிக்கப்பட்டுள்ளது என்பதைப் புரோகிராம் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். சேமிக்கும் முறை மாறினால் புரோகிராமையும் மாற்ற வேண்டியிருக்கும். 1970-இல், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் இதற்கு வழி கண்டார். தகவல்களை எளிய அட்டவணைகளாகக் கொள்வோம். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்போம். தேடும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அவர் கருத்து. இம்முறையில் நம் கடைக்காரர் வாடிக்கையாளரின் முகவரியை ஓர் அட்டவணையில் ஒரே ஒரு முறை எழுதுவார். விற்பனை அட்டவணையில் அவருடைய எண் மட்டும் இருக்கும். அவர் வீடு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும் அல்லவா?

1970களின் நடுவில், அதே நிறுவனத்தின் மோஷே ஸ்லூஃப் இன்னொரு படி முன்னேறினார். திரையில் வெற்று அட்டவணை தோன்றும். 'நிறம்' என்ற கட்டத்தில் 'பச்சை' என்று எழுதினால் பச்சை நிறப் பொருள்கள் மட்டும் வந்து நிற்கும். 1985-இல் ஃபைல்மேக்கரும், 1992-இல் மைக்ரோசாஃப்ட் ஆக்செஸும் வந்தன. 2012-இல் தொடங்கிய ஏர்டேபிள் இவ்வசதியை இணையத்தில் தந்தது.

எழுதும் வேலை குறைந்தது. திட்டமிடும் வேலை குறையவில்லை. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, கொரோனா உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் விடுபட்டனர். ஆய்வக முடிவுகளை எக்செல்லின் பழைய கோப்பு வடிவத்தில் ஏற்றியதே காரணம். அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. இவ்வெண் 2-இன் 16-ஆம் அடுக்கு; வரிசை எண்ணுக்கு 16 பிட்டுகளே ஒதுக்கியதால் ஏற்பட்ட எல்லை இது. நோயாளிகளுக்கு முடிவு தெரிந்தது. ஆனால் அவர்களுடன் பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று.

ஆகவே ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. ஒரு செய்தியை ஒரே இடத்தில் வைத்து, அட்டவணைகளை இணைக்க முடியுமா?

2. எத்தனை வரிசைகள் கொள்ளும்? எல்லை தாண்டினால் எச்சரிக்குமா?

3. இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன ஆகும்? யார் திருத்தினார் என்பது பதிவாகுமா?

4. கருவியைக் கைவிட நேர்ந்தால் தகவல்களை முழுமையாக வெளியே எடுக்கலாமா? பல கருவிகளில் அட்டவணைகள் வெளிவரும். நாம் அமைத்த படிவங்களும் விதிகளும் உள்ளேயே தங்கிவிடும்.

மாணவர்களே, இதற்குக் கணிப்பொறிகூடத் தேவையில்லை. உங்கள் நூலகத்தில் புத்தகம் வழங்கும் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம், உறுப்பினர், வழங்கிய நாள் என மூன்று அட்டவணைகளாக ஒரு தாளில் பிரித்துப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு இடங்களில் வந்தால், அங்கே நின்று மீண்டும் யோசியுங்கள்.