திருமணிமுத்தாறும் அதன் குடிகளும்

ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் உலவும் ஒட்டகச்சிவிங்கியைப் படத்திலே கண்டிருப்பீர்கள். 1985 முதல் 2015 வரையிலான முப்பது ஆண்டுகளில் அதன் தொகை நூற்றுக்கு நாற்பது பங்களவு குறைந்துவிட்டது என அறிஞர் கணக்கிட்டுள்ளனர். வாழிடம் அழிந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். இதைக் கேட்டு வருந்துகிறோம். ஆயின், நம் ஊரிலேயே வாழிடம் இழந்த உயிர்களை எண்ணிப் பார்த்ததுண்டா?

சேர்வராயன் மலைத்தொடரிலே பிறந்து, சேலம் நகரின் ஊடே ஓடி, நாமக்கல் மாவட்டத்து நஞ்சை இடையாற்றருகே காவிரியிற் கலப்பது திருமணிமுத்தாறு. மணியையும் முத்தையும் பெயரிலே தாங்கிய இவ்வாறு மாசடைந்த வரலாறு மிகப் பழையதன்று.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. கீழ்த்திசையிலிருந்து சவ்வரிசி வருவது நின்றது. சேலத்தார் மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்தே சவ்வரிசி செய்யத் தொடங்கினர். ஆலைகள் பெருகின, புன்செய்க் குடியானவர்க்கு அது வாழ்வளித்தது. நெசவுத் தொழிலோடு சாயப்பட்டறைகளும் வளர்ந்தன, நகரமும் விரிந்தது. இம்மூன்றின் கழிவுநீரும் ஆற்றையே சென்று சேர்ந்தது.

விளைவு யாது? ஆலைக் கழிவுநீரில் மாவுப்பொருள் மிகுதி. அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள், நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. மீன்கள் மூச்சடைத்து மடிகின்றன. சாயநீரோ கதிரவன் ஒளியைத் தடுக்கின்றது. நீர்த்தாவரங்கள் உணவு ஆக்க இயலாமல் நலிகின்றன. மீனும் தவளையும் அற்ற துறையிலே கொக்குக்கு இரை ஏது? வில்லெடுத்த வேடன் எவனும் வராமலே பறவைகள் அகன்றுவிடுகின்றன.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் பிறந்தது. தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982இல். ஆலைகள் தோன்றி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிட்டன! ஆற்றை மாசுபடுத்தியோர் உழைத்து உண்ட மக்களே. தீங்கிழைக்க எண்ணியவர் அல்லர். ஆதலின் தொழிலை ஒழிப்பது தீர்வாகாது. கழிவுநீரை மூடிய தொட்டியிலே நொதிக்கச் செய்து எரிவாயு எடுக்கும் ஆலைகள் இன்று இம்மாவட்டத்திலேயே உள்ளன. நீரைத் தூய்மை செய்து திருப்பித் தருவதே தொழிலுக்கும் ஆற்றுக்கும் நன்று.

உங்களுக்கும் ஒரு பணி உண்டு. இவ்வாற்றிலே முன்பு வாழ்ந்த மீன்களின் பெயர்களை உங்கள் பாட்டனாரிடம் கேட்டெழுதுங்கள். பாலத்தைக் கடக்கும்போது கொக்குகளை எண்ணிக் குறியுங்கள். இழந்தது இன்னதென அறிந்தவரே அதனை மீட்க முற்படுவர்.