நிரல் நூலகங்களில் உள்ளமைந்த தெரிவு விளக்கம்

உள்ளமைந்த தெரிவு விளக்கம் என்பது, ஒரு நிரல் நூலகத்தின் போக்கை மாற்றும் தெரிவுகளுக்கு உரிய பொருள், இயல்நிலை மதிப்பு, ஏற்கும் எல்லை ஆகியவற்றை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்து, கேட்டவருக்கு நூலகமே சொல்லும்படி அமைப்பது. செயற்கூறுகளுக்கு இந்த வழக்கம் பழையது. ஈமேக்ஸ் உரைத்திருத்தி தன் கட்டளைகளைத் தானே விளக்கும்; பைத்தானில் விளக்கச்சரம் எழுதும் மரபை 2001இல் பெப் 257 என்னும் முன்மொழிவு வரையறுத்தது. தெரிவுகளோ பெரும்பாலும் கைவிடப்பட்ட பிள்ளைகள். செயற்கூறின் பெயராவது அது செய்யும் வேலையைக் காட்டிக்கொடுக்கும். ஒரு தெரிவின் மதிப்பு 60 என்றால், அது எதன் எல்லை, அதை மாற்றினால் என்ன ஆகும் என்பதை எண் சொல்லாது. ஆகவே விளக்கம் அதிகம் தேவைப்படும் இடம் தெரிவுதான்.

திறமூல நூலகங்களில் இதற்குத் தெளிவான சான்று, பைத்தானின் தரவாய்வு நூலகமான பாண்டாஸ். அங்கே ஒரு தெரிவைப் பதிவு செய்யும்போது பெயர், இயல்நிலை மதிப்பு, விளக்கம், சரிபார்ப்பு ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் தரலாம். பயனர் ‘டிஸ்க்ரைப் ஆப்ஷன்’ என்று அழைத்தால் விளக்கத்தோடு இயல்நிலை மதிப்பும் நடப்பு மதிப்பும் வரும். அந்த மதிப்புகளை யாரும் விளக்கத்துக்காகக் கையால் எழுதுவதில்லை. நூலகம் தன் நினைவிலிருந்தே எடுத்துத் தருகிறது. நடப்பு மதிப்பை 60இலிருந்து 100 ஆக்கினால், விளக்கத்தோடு வரும் மதிப்பும் அந்தக் கணமே மாறும். தனிக் கையேட்டில் இது நடக்காது. தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்குயூஎல் தன் அமைப்புகளை ‘பிஜி செட்டிங்ஸ்’ வழியே குறுவிளக்கத்தோடும் கீழ், மேல் எல்லைகளோடும் காட்டுகிறது. காணொளிக் கருவியான எஃப்எஃப்எம்பெக்கின் உதவிப் பட்டியலும் தெரிவுகளின் வரையறையிலிருந்தே பிறப்பது.

விளக்கங்களை நிரலுக்குள் வைத்தால் நினைவகம் வீணாகும் என்பது ஒரு மறுப்பு. ஈமேக்ஸ் தன் உள்ளமைந்த செயற்கூறுகளின் விளக்கங்களைத் தனிக் கோப்பில் வைத்து, கேட்கும்போது மட்டும் படித்து, இதை எப்போதோ தீர்த்துவிட்டது. நிரலுக்குள் இருக்கும் விளக்கமும் பொய்த்துப்போகலாமே என்பது வலுவான மறுப்பு. உண்மைதான்: மதிப்பு தானாகத் திருந்தும், உரைநடை திருந்தாது. ஆனால் மாற்றுபவர் கண்முன் அந்த வரி இருக்கிறது. வேறொரு களஞ்சியத்தில் கிடக்கும் கையேட்டை அவர் திறப்பார் என்று நம்புவதைவிட இது மேல். எந்தச் சூழலில் எதைத் தேர்வது என்ற நீண்ட விவாதம் கையேட்டுக்கே உரியது. அதை நிரலில் திணிக்க வேண்டியதில்லை.

விளக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்ற சிக்கல் தமிழருக்கு நெருக்கமானது. ஓர் ஒப்புமை: கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையில், திருச்சாரணத்துமலை எனப்பட்ட சமணத் தலத்தில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கொடை பெற்ற இடத்திலேயே பாறையில் நிற்கிறது. பதிவு இடம் மாறவில்லை. ஆனால் அது வட்டெழுத்தில் உள்ளது; அந்த எழுத்தை அறியாதவருக்கு அது கீறல்தான். ஆங்கில விளக்கம் மட்டும் கொண்ட நூலகத்தின் நிலையும் பலருக்கு இதுவே. எனினும் உள்ளமைந்த விளக்கத்துக்கு ஓர் அனுகூலம் உண்டு: அது சரமாக இருப்பதால், கெட்டெக்ஸ்ட் போன்ற கருவிகளால் பிரித்தெடுத்துத் தமிழாக்கலாம். போஸ்ட்கிரெஸ்குயூஎல் தன் குறுவிளக்கங்களை அப்படித்தான் மொழிபெயர்ப்புக்குத் திறந்து வைத்திருக்கிறது.

தமிழ்க் கணிமையில் உள்ளமைந்த தெரிவு விளக்கத்தின் தேவை கற்பனை அல்ல. வினோத் ராஜன் உருவாக்கிய அட்சரமுகம் எழுத்துமாற்றி வட்டெழுத்தையும் கையாளும். அதன் பைத்தான் வடிவில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் செயற்படும் தெரிவுகளைப் பெயர்ச்சரங்களின் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். ஒலிக்குறியை நீக்குவதா என்பது போன்ற முடிவுகள் பனுவலையே மாற்றுபவை. கல்வெட்டாய்வாளர் அவற்றை ஊகத்தில் விட முடியாது. இத்தகைய நூலகங்களுக்குப் பாண்டாஸின் முறை பொருந்தும், ஒரு திருத்தத்தோடு: அங்கே விளக்கத்தை வெற்றாக விட்டாலும் பதிவு ஏற்கப்படும். விளக்கமில்லாத தெரிவைப் பதிவே நிராகரிக்க வேண்டும். அதற்குச் சில வரி நிரல் போதும்.