மெலிவின் வரலாறு: இராமநாதபுரக் கரையிலிருந்து சில குறிப்புகள்

பழந்தமிழ் இசையிலக்கணம் ஒலிநிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தது. மந்தரம், மத்திமம், தாரம் என்று பிற்காலத்தார் வழங்கியதும் இவற்றையே. கீழ் நிலைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் மெலிவு என்பதை எண்ணும்போதெல்லாம், இராமநாதபுரக் கடற்கரைச் சிற்றூர்களின் திருவிழா இரவுகள்தாம் எங்கள் நினைவில் எழுகின்றன. பனந்தோப்பைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, இரண்டு மைல் தொலைவிலிருந்து பாட்டு மிதந்து வரும். பாடுபவரின் குரல் வரும். வயலின்களின் மேலோசை வரும். ஆனால் பாட்டுக்கு அடியில் இருந்தது எதுவும் வராது. அடியில் ஒன்று இருந்தது என்பதே எங்களில் பலருக்கு வெகுகாலம் தெரியாது.

இக்கரையில் மெலிவு எவ்வாறு கேட்கத் தொடங்கியது என்பதையும், அதில் காலடியில் கிடக்கும் ஒரு சிறு மின்னணுப் பெட்டிக்கு என்ன பங்கு என்பதையும் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பேஸ் கிதாருக்கான மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் என்று அதற்குப் பெயர். இலக்கியம் பேசும் இடத்தில் பெடலுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

கீழ்நாதத்தை அறியாத மண் அல்ல இது. சேதுபதிகளின் ஆதரவில் இசை வளர்ந்த சீமை. பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் (1860-1919) இராமநாதபுரத்தின் பெயரோடு சேர்த்தே அறியப்பட்டவர். பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை ஆகியோரோடு மூவராக வைத்து எண்ணப்பட்ட மிருதங்கக் கலைஞர் சி. எஸ். முருகபூபதி இவ்வூர்க்காரர். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில், கச்சேரிக்கு முன் ரவையை நீரில் குழைத்து நடுவில் அப்புவார்கள். தோலின் நடுப்பகுதி கனத்து, அதிர்வு தாழ்ந்து, 'கும்' என்ற நாதம் பிறக்கும். கச்சேரி முடிந்ததும் ரவை சுரண்டி எடுக்கப்படும். கருவியின் இயல்பான ஒலியை வேறொரு பொருளைக் கொண்டு தற்காலிகமாக மாற்றி, வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்புவது என்பதுதான் 'எஃபெக்ட்' என்ற சொல்லின் பொருள் என்றால், ரவை எங்கள் கரையின் முதல் எஃபெக்ட்.

ஆனால் அது சபைக்குள், பத்தடி தொலைவில் அமர்ந்து கேட்டவர்களின் செல்வம். ஊருக்கு வந்த இசை வேறு வழியாக வந்தது. 1952க்குப் பின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்திருந்த ஆண்டுகளில், அவற்றைத் தாராளமாக ஒலிபரப்பியது இலங்கை வானொலி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் முப்பது கிலோமீட்டர் கடல்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்து, படகுத்துறையையும் இரயில் பாதையையும் கொண்டுபோன பிறகும் அலைவரிசை மட்டும் அறுபடவில்லை. மயில்வாகனனையும், பின்னர் கே. எஸ். ராஜாவையும், பி. எச். அப்துல் ஹமீதையும் எங்கள் வீட்டு மனிதர்களாகவே கருதினோம். எனினும் மத்திய அலையும் வானொலிப் பெட்டியின் உள்ளங்கையளவு ஒலிபெருக்கியும் சேர்ந்து, பாட்டின் அடித்தளத்தைக் கடலிலேயே விட்டுவிட்டு மேல்மாடியை மட்டும் எங்களுக்குக் கொடுத்தன.

மிச்சமிருந்ததைக் குழாய் பறித்துக்கொண்டது. குழாய் என்றால் மைக் செட்டுக்காரர் பனைமரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி. பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியின் ஓர் அலை காற்றில் ஏறத்தாழ இருபத்தேழு அடி நீளம். ஒரு நாட்டுப்படகின் நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை அடி வாயுள்ள கூம்பு அதை எப்படி வெளியே தள்ளும்? இருநூற்றைம்பது, முந்நூறு அதிர்வுக்குக் கீழே அது ஊமை. அதனால்தான் அது தொலைவுக்குக் கேட்டது என்பதும் உண்மை. கீழ்நாதத்துக்குச் செலவாகும் மின்சாரத்தை எல்லாம் குரலின் பகுதியில் குவித்துவிடும். நாகூர் ஹனிபாவின் குரலுக்குக் குழாய் போதும். 1925இல் இராமநாதபுரத்தில் பிறந்தவர் என்ற உரிமையில் அவரை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் அந்தப் பாடல்களின் அடியில் என்ன நடந்துகொண்டிருந்தது! நிமிர்த்தி வைத்து வாசிக்கும் டபுள் பேஸ் அதற்கு முன்பே திரையிசைக் குழுக்களில் இருந்தது. அது பெரியது, தூக்கக் கடினமானது, மின்கருவிகளுக்கு நடுவே கேட்காமல் போவது. இதற்கு மாற்றாக 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணைக்கு மெட்டு இருப்பதுபோல் கழுத்தில் மெட்டுகள் வைத்ததால் சுரம் பிசகாது. பெயரின் காரணமும் அதுவே. அந்தக் கருவிக்குத் தமிழில் ஒரு மொழி கிடைத்தது 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவிடம்தான் என்பது எங்கள் கருத்து. அவரே கிதார் வாசிப்பவர். ஒவ்வொரு கருவிக்கும் உரியதைத் தாளில் எழுதிக் கொடுப்பவர். அவருடைய பேஸ் வரி தாளத்துக்குத் துணை நிற்பதோடு அடங்காது. பல்லவிக்கு மறுமொழி சொல்லும், சில இடங்களில் பாடகர் சொல்லாததைச் சொல்லும். சசிதரன் போன்றோர் அதை வாசித்தனர். நாங்களோ அப்பாடல்களை வரிக்கு வரி மனப்பாடம் செய்திருந்தும், பாதிப் பாடலை அறியாதிருந்தோம்.

பெட்டி ஒலிபெருக்கிகள் எங்கள் பக்கம் வரத் தொடங்கியபோதுதான் அது தெரிந்தது. பதினைந்து அங்குலக் காகிதக் கூம்புகள் அடங்கிய மரப்பெட்டிகளை லாரியில் ஏற்றி, ஜெனரேட்டரோடு கொண்டுவந்தார்கள். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டதும் அந்த லாரிகள் தீவுக்குள்ளும் நேராகப் போக முடிந்தது. மெல்லிசைக் குழு வாசித்த பழகிய பாடலொன்றில் முதன்முறையாக நெஞ்சுக்கூட்டில் ஏதோ தட்டியதை எங்கள் தலைமுறையினர் பலரும் சொல்லக் கேட்கலாம். காதுக்கு முன் மார்பு கேட்டது. மேடையில் தேடினால், பின்வரிசையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் யாரையும் பாராமல் ஒருவர் நின்றிருப்பார். அறிவிப்பாளர் எல்லார் பெயரையும் சொல்லிக் கடைசியில் அவர் பெயரை விட்டுவிடுவதும் உண்டு.

அவர் நன்றாக நிலைபெறும் முன்பே அவருக்கு ஆபத்து வந்தது. 1992இல் 'ரோஜா', 1994இல் 'காதலன்'. ஏ. ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் போன்ற அரிய பேஸ் கலைஞர்கள் வாசித்தார்கள் என்றாலும், ஆட்டப்பாடல்கள் பலவற்றின் அடிநாதம் விசைப்பலகைக்குள் பிறந்தது. எந்தத் தந்திக்கும் இல்லாத குரல் அது. மெல்லிசைக் குழுவின் ரசிகர் கேட்பதோ ஒன்றே ஒன்று: கேசட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். கற்பனை அங்கே குற்றம். கீபோர்டு வாசிப்பவரின் இடக்கையே அந்த பேஸைக் கொடுத்துவிடும் என்றால், இன்னொருவருக்கு எதற்குச் சம்பளமும் சாப்பாடும் வேனில் ஓர் இருக்கையும்? குழுத் தலைவர்கள் இக்கணக்கைப் போட்டார்கள். பேஸ் கிதார்க்காரர்கள் சிலர் தவிலுக்கும் பேங்குக்கும் போகாமல் வேனிலேயே தங்கியதற்கு, எங்கள் பார்வையில், அந்தப் பெட்டி ஒரு காரணம்.

அதன் முன்னோர்கள் தனித்தனியே பிறந்தவர்கள். 1962இல் ஒலியைக் கரகரப்பாக்கும் மேஸ்ட்ரோ ஃபஸ். 1972இல் விரலின் அழுத்தத்துக்கேற்ப வாய் திறந்து மூடும் மியூ-ட்ரான். 1976இல் ஒரு குரலை இரு குரலாக்கும் பாஸ் கோரஸ். 1982இல் வாசிக்கும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொன்றைச் சேர்க்கும் ஆக்டேவர். ஒவ்வொன்றும் ஒரு பெட்டி, ஒரு விலை, ஒரு மின்கலம். எங்கள் ஊர்க் கலைஞர் இவற்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். ஒலியை எண்களாக மாற்றிக் கணக்கிடும் சில்லுகள் மலிவானபோது இவையெல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்தன. பாஸ் நிறுவனத்தின் எம்இ-5 1988இல் கிதாருக்காக வந்தது. பின்னர் ஜூம் நிறுவனம் பேஸுக்கென்றே 506, பி1 போன்றவற்றைக் கையடக்க அளவில் செய்தது. பி1 நான்கு பென்டார்ச் செல்லில் ஓடும். மின்சாரம் நம்பத்தகாத இடத்தில் இது சிறிய செய்தி அல்ல.

இப்பெட்டியை மேனாட்டில் ஓர் அலங்காரமாகக் கருதினார்கள். இங்கே அது பிழைப்புக்கான மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தது. மேடையில் பேஸுக்கெனத் தனி ஆம்ப்ளிஃபயர் இராது. கம்பி நேராக மிக்ஸருக்குப் போகும், ஒலி வறண்டு கிடக்கும். பெட்டியில் உள்ள ஆம்ப் மாதிரி அந்த இல்லாத மரப்பெட்டியின் குரலைக் கணக்கிட்டுக் கொடுக்கும். கம்ப்ரஸர் ஓங்கி விழும் சுரத்தை அமுக்கி, ஒடுங்கும் சுரத்தைத் தூக்கும். வாடகைக்கு வந்த ஒலிபெருக்கியின் காகிதம் கிழியாமல் இருக்கவும் அதுவே காப்பு. ஜெனரேட்டரிலிருந்து வரும் இரைச்சல் 50 அதிர்வு. பேஸின் கீழ் 'ஜி' சுரம் 49. இரண்டும் ஒன்றோடொன்று உரசி வயிற்றைக் கலக்கும். வாசிக்காத இடைவெளியில் ஒலியை அடைத்துவிடும் 'கேட்' இருந்தால் மௌனமாவது தூய்மையாகும்.

எல்லாவற்றிலும் எங்களை வியக்க வைப்பது ஓவர்டிரைவ். ஒலியைச் சற்றே முறித்தால் அதன் மேல்மடங்குகள் பெருகும்: 41க்கு 82, 123, 164 என்று. சிறிய ஒலிபெருக்கி 41ஐத் தராவிட்டாலும் மேல்மடங்குகளைத் தந்தால், இல்லாத அடிச்சுரத்தை நம் மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். முன்வரிசைக்குப் பெட்டியும், ஊர் எல்லைக்குக் குழாயும் கட்டிய மேடைகள் உண்டு. அங்கே சிறிது ஓவர்டிரைவ் சேர்த்து வாசித்தால், பனந்தோப்புக்கு அப்பால் நிற்பவருக்கும் பேஸின் நிழலாவது போய்ச் சேரும். குழாய் அரை நூற்றாண்டாக மறுத்ததை ஒரு திருகாணி ஓரளவு மீட்டது.

'காதலன்' வகைப் பாடலுக்கு ஆக்டேவும் ஃபில்டரும் சேர்ந்த ஒரு பதிவைக் காலால் தட்ட வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 41 அதிர்வுள்ள சுரம் ஒரு சுற்றை முடிக்கவே விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு ஆகும். அது முடியாமல் இது எந்தச் சுரம் என்று பெட்டி அறிய முடியாது. எனவே கீழ்த்தந்தியில் ஒலி பிந்தும், தடுமாறும். அனுபவசாலிகள் வரியை மேல்தந்திகளில் வாசித்துவிட்டுக் கீழே இறக்கும் பொறுப்பைப் பெட்டியிடம் விடுவார்கள். எந்தக் கையேட்டையும் படித்து அவர்கள் இதைக் கற்கவில்லை. மெட்டில்லாத பேஸின் வழுக்கலைப் போலி செய்ய பி1இல் ஒரு வசதி இருந்தது. அதைப் பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கமகம் விரலில் இருக்க வேண்டும். பெட்டி தருவது கமகத்தின் புகைப்படம்.

கடைக்காரர் ஹெட்ஃபோனில் கேட்கவைக்கும் தொழிற்சாலைப் பதிவுகளில் பெரும்பாலானவை எதிரொலியில் ஊறியவை. அறையில் இனிக்கும், திறந்தவெளியில் கூழாகிவிடும். புதிதாக வாங்கியவர் முதல் கச்சேரியில் அதையே வைத்து வாசித்து, ஏச்சு வாங்கி, பிறகு ஒவ்வொன்றாக அணைத்துப் பழகுவார். பெடல் கற்றவர் என்பதற்கு அடையாளம், அவர் எத்தனையை அணைத்து வைத்திருக்கிறார் என்பதே.

உப்புக்காற்று தனி எதிரி. மாதம் ஒருமுறை துடைக்காவிட்டால் கம்பி செருகும் துளையில் பச்சை படியும்; பாட்டின் நடுவே 'கரக்' என்று ஒலித்து அடங்கும். பாலிதீன் பையில் சுற்றி, அதன் மேலேயே காலால் அழுத்தி வாசித்தவரை மண்டபம் பக்கத்து மேடையொன்றில் பார்த்திருக்கிறோம்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் 2005இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியை அடக்கின. நோயாளிகளையும் மாணவர்களையும் எண்ணினால் அதில் குறை சொல்ல முடியாது. விடிய விடிய நடந்த கச்சேரி மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. சுருங்கிய நேரத்துக்குச் சுருங்கிய குழு போதும் என்றானது. இப்போது பல மேடைகளில் பாடகர்கள் மட்டும் நிற்கிறார்கள். பின்னணி முழுவதும் மடிக்கணினியிலிருந்து வருகிறது. ஒலிபெருக்கிகள் முன்னெப்போதையும்விடப் பெரியவை. பதினெட்டு அங்குலக் கூம்பு தரையையே உதறுகிறது. மெலிவு இன்று கடலோரம் முழுவதும் கேட்கிறது, பின்வரிசையில் ஆள் இல்லாமல்.

மண்டபம் மேடையில் பார்த்தவரை அண்மையில் சந்தித்தபோது பெடலைப் பற்றிக் கேட்டோம். பரணிலிருந்து எடுத்து வந்தார். செல் போட்டால் விளக்கு எரிகிறது. அதில் அவர் சேமித்து வைத்திருந்த பதிவுகளுக்குப் பாட்டின் பெயர் இல்லை, ஊரின் பெயர்கள் இருந்தன: பெரியபட்டினம், வேதாளை, தங்கச்சிமடம். எழுத்து ஐந்தாறுதான் திரையில் கொள்ளும் என்பதால் சுருக்கி எழுதியிருந்தார். ஏன் ஊர்ப்பெயர் என்றோம். "ஒவ்வொரு ஊர் செட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி வைக்கணும்ல" என்றார்.