எச்ஐவி நிதி: முன்மொழிவில் பெண்ணின் உடல் எங்கே?

திருநீர்மலைக்கு அருகிலுள்ள தாம்பரம் சானடோரியம், 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. 2004 ஏப்ரலில் அரசின் இலவச ஏஆர்டி சிகிச்சையை முதலில் வழங்கிய மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. ஏஆர்டி மாத்திரை பெறும் பெண்ணுக்குக் கருத்தடை ஆலோசனையும் பாதுகாப்பான பிரசவமும் தேவை. எச்ஐவியுடன் வாழும் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆயினும் எச்ஐவிக்கு ஒரு திட்டம், மகப்பேற்றுக்கு வேறொரு திட்டம்; அலைவது அவள்தான்.

இரண்டையும் இணைத்து எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலகளாவிய நிதியத்திடம் கோரலாம். கோரிக்கை பெரும்பாலும் நாட்டு ஒருங்கிணைப்புக் குழு வழியாகவே செல்லும். அதில் நோயுடன் வாழ்வோரின் பிரதிநிதித்துவம் கட்டாயம். வரைவுக்கான செலவுக் கணக்கு, இலக்கு, கண்காணிப்புக் குறியீடு ஆகியவற்றில் யுஎன்எய்ட்ஸ் போன்ற அமைப்புகள் தொழில்நுட்ப உதவி அளிக்கின்றன. வரைவு முடிந்தபின் கையொப்பத்துக்கு அழைப்பதை நாம் பங்கேற்பாகக் கருதவில்லை. அவ்வுதவி, ஆங்கிலப் படிவத்தின் முன் தயங்கி நிற்கும் தலித் பெண்கள் அமைப்புகளுக்குத் தமிழில், தொடக்கத்திலேயே கிடைக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம், எச்ஐவியுடன் வாழும் கர்ப்பிணிக்கு அவரது தெளிந்த ஒப்புதலின்றிக் கருக்கலைப்போ கருத்தடை அறுவையோ செய்வதைத் தடுக்கிறது. ஒப்புதல் பெறப்பட்டதா என்பதை, பெயர் வெளியிடாமல் சாதிவாரியாகப் பதிவுசெய்யும் குறியீடு ஒன்றை வரைவில் சேர்க்கக் கோருகிறோம்.